பிரான்ஸ் போகிறீர்களா? முதலில் படம் பாருங்கள்!

பிரான்ஸுக்குப் போவது என்று முடிவானதும் வீட்டில் வேலைகள் வரிசைகட்டி நிற்கும். விசா, விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ், ஸ்வெட்டர், ஊறுகாய் பாட்டில், யூரோ எவ்வளவு மாற்றுவது என்ற கணக்கு. எல்லாமே தேவைதான். ஆனால், போகிற நாட்டின் மனிதர்களைத் தெரிந்துகொள்வது மட்டும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவர்கள் எப்படிப் பேசுவார்கள், சாப்பாட்டு மேசையில் எதைப் பற்றிச் சண்டை போடுவார்கள், ஆகஸ்ட் வந்தால் எங்கே மறைந்து போவார்கள்? ஈஃபிள் கோபுரத்தைப் பார்க்க ஓர் ஆயத்தமும் வேண்டாம். நகரத்தின் பாதித் தெருக்களிலிருந்து அது கண்ணில் படும். மனிதர்கள் அப்படிக் கண்ணில் பட்டுவிட மாட்டார்கள். அவர்களை முன்கூட்டியே அறிந்துகொள்ள பிரெஞ்சு சினிமாவைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. படம் பார்த்துவிட்டுப் போகிறவரின் பயணம் வேறு, பார்க்காமல் போகிறவரின் பயணம் வேறு.

படம் பார்க்க நேரம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். விசா நடைமுறையே அந்த நேரத்தைத் தருகிறது. பிரான்ஸுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசியாக 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். கோடை விடுமுறை நெருங்க நெருங்க அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது பெரும்பாடு என்பதால், மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது. பிரெஞ்சு அரசின் விசா இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, சென்னையில் உள்ள வி.எஃப்.எஸ். மையத்தில் ஆவணங்களையும் கைரேகையையும் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். நாடு திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதங்களுக்கு பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். பிரான்ஸோடு இத்தாலியையும் சுவிட்சர்லாந்தையும் சேர்த்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி, எல்லையில் முகத்தையும் கைரேகையையும் பதிவு செய்கிறார்கள். அந்த வரிசைக்கும் சற்று நேரம் ஒதுக்குங்கள்.

விசா பற்றி இவ்வளவு போதும். படங்களுக்கு வருவோம்.

மொழி தெரியாமலே தொடங்கலாம்

பிரெஞ்சுப் படம் என்றதும் பலருக்கு வருகிற பயம், வேகமான பேச்சும் அதைத் துரத்திக்கொண்டு ஓடும் சப்டைட்டிலும். அந்தப் பயமே எழாத படத்திலிருந்து தொடங்குங்கள். ஆல்பெர் லமோரிஸ் 1956-இல் எடுத்த 'தி ரெட் பலூன்' வெறும் 34 நிமிடம். பள்ளிக்கூடம் போகும் சிறுவன் ஒருவன், அவன் போகுமிடமெல்லாம் பின்தொடரும் சிவப்பு பலூன். வசனம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனாலும் சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வாங்கிய படம். சிறுவனாக நடித்தது இயக்குநரின் மகன் பஸ்கால். குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

அதில் வரும் சாம்பல் நிறப் படிக்கட்டுகளும் ஈரச் சந்துகளும் பாரிஸின் கிழக்கே இருக்கும் பெல்வில், மெனில்மோந்தான் மேட்டுப் பகுதிகள். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அங்கே பல தெருக்களை இடித்துவிட்டு அடுக்ககங்கள் கட்டினார்கள். இன்று பெல்வில் பூங்காவின் மேல்முனையில் நின்றால் பாரிஸ் முழுவதும் கீழே விரிந்து தெரியும். படத்தைப் பார்த்தவருக்கு மட்டும், காலடியில் இல்லாமல் போன தெருக்களும் தெரியும்.

அடுத்து ழாக் தாத்தி. 1953-இல் அவரே இயக்கி நடித்த 'மான்சியர் ஹூலோஸ் ஹாலிடே' படத்தில் கதை என்று பெரிதாக எதுவும் நடக்காது. உயரமான, கூச்ச சுபாவமுள்ள ஒரு மனிதர் கடற்கரை ஹோட்டலுக்கு விடுமுறைக்கு வருகிறார், அவ்வளவுதான். பேச்சைவிட ஓசைகள் முக்கியம். சாப்பாட்டு அறைக் கதவு ஒவ்வொரு முறை ஆடும்போதும் எழும் அந்த விநோத ஒலியைக் கேட்டவர் மறக்க மாட்டார். படம் எடுத்த சேன்-மார்க்-சூர்-மெர் என்ற சிற்றூர் அட்லான்டிக் கரையில், சேன்-நசேர் துறைமுக நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடுப்பில் கைவைத்து முன்னே குனிந்தபடி ஹூலோவின் சிலை இன்றும் அந்தக் கடற்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இந்தப் படத்தை நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரெஞ்சுக்காரர்களுக்கு விடுமுறை என்பது போராடிப் பெற்ற உரிமை. 1936-இல் இடதுசாரிக் கட்சிகள் கூடி அமைத்த மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. வேலைநிறுத்தங்களால் நாடே ஸ்தம்பித்திருந்த கோடைக்காலம் அது. பிறகு படிப்படியாக வளர்ந்து, 1982-இலிருந்து அது ஐந்து வாரம். ஆகஸ்டில் பாரிஸுக்குப் போய், பேக்கரியின் கதவில் விடுமுறை அறிவிப்பைப் பார்த்து எரிச்சலடைகிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அந்தக் கதவை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

அதே ஆகஸ்டில், கூட யாருமில்லாமல் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதைதான் எரிக் ரோமரின் 'தி கிரீன் ரே'. 1986-இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் பெற்ற படம். பாரிஸில் செக்ரட்டரியாக வேலை பார்க்கும் டெல்ஃபீன், தோழியோடு போட்டு வைத்திருந்த பயணம் கடைசி நேரத்தில் ரத்தாகிப் போக, ஷெர்பூர், ஆல்ப்ஸ் மலை, பியாரிட்ஸ் என்று ஒவ்வோர் ஊராகப் போய்ப் பார்க்கிறாள். எங்கும் மனம் ஒட்டவில்லை. வசனங்கள் பெரும்பாலும் நடிகர்களே அந்த இடத்தில் பேசியவை. ஒரு காட்சியில் ஷெர்பூரில் ஒரு குடும்பத்தோடு சாப்பிட உட்காருகிறாள். மேசையில் இறைச்சி வருகிறது. தான் சாப்பிடுவதில்லை என்கிறாள். ஏன், எதற்கு, மீனும் கிடையாதா, செடிக்கு உயிர் இல்லையா என்று அன்போடு ஆளுக்கொரு கேள்வி. அவள் திணறித் திணறி விளக்குகிறாள். சைவச் சாப்பாட்டுக்காரர் எவரும் பிரான்ஸுக்குப் புறப்படுமுன் இந்தக் காட்சியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கேள்வி கேட்பவர்கள் யாரும் அவளை அவமதிக்கவில்லை. விவாதிப்பதுதான் அந்த மேசையின் மரியாதை. இது புரிந்துவிட்டால், அங்கே உங்களிடம் எதிர்க்கேள்வி கேட்கும் எவரையும் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஒரு வட்டாரம், ஒரு காலை நேரம்

பாரிஸில் ஒரே ஒரு காலைப் பொழுதை சினிமாவுக்கென்று ஒதுக்க முடியும் என்றால், 14-ஆம் வட்டாரத்துக்குப் போங்கள். பயண ஏஜென்ட் தரும் அட்டவணையில் அந்தப் பகுதிக்குப் பெரிய இடம் இருக்காது. 1950-களின் இறுதியில் 'நியூ வேவ்' என்று பெயர் பெற்ற இளைஞர் கூட்டம் ஸ்டுடியோவை விட்டுத் தெருவுக்கு வந்தபோது, அவர்கள் கேமரா சுற்றிய தெருக்களில் பல இங்கேதான்.

அந்த அலைக்குக் காரணங்கள் எளிமையானவை. கையில் தூக்கிச் செல்லக்கூடிய கேமராக்கள், குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் ஃபிலிம் சுருள்கள், 1951-இல் தொடங்கிய 'கஹியே து சினேமா' பத்திரிகையில் பழைய பாணிப் படங்களைக் கிழித்துப் போட்டு எழுதிய விமர்சகர்கள். அவர்களே இயக்குநர்களானார்கள். பிரான்சுவா த்ரூஃபோவின் 'தி 400 ப்ளோஸ்' 1959-இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியது. அடுத்த ஆண்டு ழான்-லூக் கோதாரின் 'பிரெத்லெஸ்' வந்தது. தண்டவாளம் போட்டு ட்ராலி ஓட்டப் பணமில்லை. ஒளிப்பதிவாளர் ராவுல் கூத்தாரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளினார்கள். சான்ஸ் எலிஸேயில் ஜீன் சீபெர்க் பத்திரிகை விற்றபடி நடந்து வரும்போது சுற்றி இருப்பவர்கள் நிஜ வழிப்போக்கர்கள். படத்தின் முடிவில் ழான்-போல் பெல்மோந்தோ குண்டடிபட்டுத் தள்ளாடி ஓடி விழும் தெரு, 14-ஆம் வட்டாரத்தின் ரூ காம்பான்-பிரமியேர். இன்றைக்கும் அது அமைதியான சின்னத் தெருதான்.

அங்கிருந்து சற்று நடந்தால் புல்வார் மொன்பார்னாஸில் 'ல தோம்' கஃபே. அன்யெஸ் வார்தாவின் 'கிளியோ ஃப்ரம் 5 டு 7' படத்தில் கிளியோ நுழையும் கஃபே இது. 1962-இல் வெளிவந்த இந்தப் படத்தைத்தான் பாரிஸ் போகிற எல்லோருக்கும் முதலில் பரிந்துரைப்பேன். புற்றுநோயா இல்லையா என்று பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஓர் இளம் பாடகியின் ஒன்றரை மணி நேரம். படமும் கிட்டத்தட்ட அவ்வளவே ஓடுகிறது. ரூ த ரிவோலியில் சீட்டு பார்த்துக் குறி சொல்பவளிடமிருந்து அவள் புறப்படுகிறாள். தொப்பிக் கடை, டாக்ஸி, வீடு, கஃபே, மொன்சூரி பூங்கா, கடைசியில் பேருந்தில் சால்பெத்ரியேர் மருத்துவமனை. முதல் பாதியில் எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். பிறகு விக்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் கறுப்பு உடையில் தெருவில் இறங்கியதும் அவள் மற்றவர்களைப் பார்க்கத் தொடங்குகிறாள். ல தோமில் ஜூக்பாக்ஸில் தன் பாட்டையே போட்டுவிட்டு மேசைகளுக்கு நடுவே நடக்கிறாள், ஒருவரும் நிமிரவில்லை. ஒரு நகரத்தில் தனியாக நடப்பதன் அச்சத்தையும் விடுதலையையும் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

கஃபேக்குத் தெற்கே மொன்பார்னாஸ் கல்லறைத் தோட்டம். வார்தாவும் அவர் கணவர் ழாக் தெமியும் அங்கே ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். ரசிகர்கள் இன்றும் பூவும் கடிதமும் வைத்துவிட்டுப் போகிறார்கள். தோட்டத்தின் தெற்குப் பக்கத்தில் ரூ தகேர் தெரு. 2019-இல் இறக்கும் வரை வார்தா அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தது அங்கேதான். அந்தத் தெருவின் ரொட்டிக்கடைக்காரர், கசாப்புக்கடைக்காரர், தையல்காரர் ஆகியோரை வைத்தே 1970-களில் 'தகேரியோடைப்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். மகன் கைக்குழந்தை, வீட்டை விட்டு அதிக தூரம் போக முடியாது. அதனால் வீட்டு மின் இணைப்பிலிருந்து இழுத்த கேபிள் எட்டும் தூரத்துக்குள்ளேயே முழுப் படத்தையும் முடித்தார். பயணிகள் கற்றுக்கொள்ள இதில் நிறைய இருக்கிறது. பத்து இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒரே தெருவில் நின்று நிதானமாகப் பார்த்தால் கூடுதலாகக் கிடைக்கும்.

'அமேலி' பற்றிக் கேட்பீர்கள். 2001-இல் ழான்-பியேர் ழுனே எடுத்த அழகான படம்; மொன்மார்த்ரில் அமேலி வேலை பார்க்கும் கஃபே ரூ லெப்பிக்கில் இன்றும் நடக்கிறது. ஆனால் அந்தப் பாரிஸ் வண்ணம் திருத்தி, அழுக்கைத் துடைத்து எடுத்த பாரிஸ். அதை முதல் படமாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மெட்ரோ சுரங்கத்தின் வாடையிலேயே மனம் உடைந்து விடுகிறார்கள். நான்காவது, ஐந்தாவது படமாகப் பாருங்கள். அப்போது அந்தக் கற்பனையின் அழகு சரியாகப் பிடிபடும்.

மெட்ரோ என்றதும் ரொபேர் ப்ரெஸ்ஸோனின் 'பிக்பாக்கெட்' நினைவுக்கு வருகிறது. 1959-இல் வந்தது. கர் த லியோன் ரயில் நிலையத்தில் மூன்று பேர் கொண்ட குழு பயணிகளிடம் கைவரிசை காட்டும் அந்தப் பகுதி, விரல்களின் நடனம். கஸாகி என்ற நிஜமான கைவித்தைக்காரர்தான் பயிற்சி கொடுத்து நடிக்கவும் செய்தார். பணப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படி மாறுகிறது என்று பார்த்தவர், பாஸ்போர்ட்டைப் பின்பாக்கெட்டில் வைக்க மாட்டார். கூட்டமான மெட்ரோவிலும் பெரிய ரயில் நிலையங்களிலும் இந்த எச்சரிக்கை இன்றும் அவசியம்.

பாட்டு, போர், புறநகர்

பாட்டில்லாத படமா என்று முகம் சுளிக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு ழாக் தெமியின் 'தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பூர்' படத்தைப் போட்டுக் காட்டுங்கள். 1964-இல் கான் விழாவின் முதல் பரிசைப் பெற்றது. மிஷெல் லெக்ராந்தின் இசையில் முழுப் படமும் பாட்டு. வண்டிக்குப் பெட்ரோல் போடக் கேட்பதுகூடப் பாட்டுதான். குடைக் கடைக்காரியின் மகளும் மெக்கானிக் பையனும் காதலிக்கிறார்கள். அவனை அல்ஜீரியப் போருக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு நடப்பது மிக யதார்த்தமானது, அதனாலேயே நெஞ்சை அறுக்கிறது. பாட்டில் சொற்கள் நிறுத்தி நிதானமாக வருவதால் பிரெஞ்சு ஒலிகள் காதில் பதிய இந்தப் படம் நன்றாக உதவும்.

1954 முதல் 1962 வரை நடந்த அந்தப் போர் கிளியோவின் கதையிலும் இருக்கிறது. பூங்காவில் அவள் சந்திக்கும் சிப்பாய் அன்றிரவே போர்முனைக்குத் திரும்ப வேண்டியவன். காலனிகளில் இருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வாழும் புறநகர் அடுக்ககங்களின் கதையை, மாத்யூ கஸோவிட்ஸின் 'லா ஹேன்' 1995-இல் கறுப்பு வெள்ளையில் சொன்னது. ஒரு யூத இளைஞன், ஒரு கறுப்பின இளைஞன், ஓர் அரபு இளைஞன். மூவரின் ஒரு நாள். சுற்றுலாப் பேருந்து போகாத பிரான்ஸ் இது. பார்க்காமல் விட்டால் அந்த நாட்டின் செய்தித்தாளில் பாதி புரியாது.

அந்தப் புறநகருக்குள் தமிழ் பேசிக்கொண்டு நுழைந்த படம் ஒன்று உண்டு: ழாக் ஓதியாரின் 'தீபன்'. 2015-இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்ற இந்த பிரெஞ்சுப் படத்தில் பெரும்பகுதி வசனம் தமிழ். எழுத்தாளர் ஷோபாசக்தி, சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன், சிறுமி குளோதின் வினாசித்தம்பி ஆகியோர் முக்கிய வேடங்களில். இலங்கைப் போரிலிருந்து தப்பும், முன்பின் தெரியாத மூவர், இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகளில் கணவன், மனைவி, மகளாகப் பிரான்ஸுக்கு வந்து, ஒரு அடுக்ககத் தொகுதியில் காவலாளிக் குடும்பமாகக் குடியேறுகிறார்கள். ஒட்டாத மூவர் மெல்ல மெல்ல ஒரு வீடாகும் முதல் பகுதி அபாரமானது. துப்பாக்கிச் சண்டையில் முடியும் இறுதிப் பகுதி அந்த நுட்பத்தைக் கைவிட்டுவிடுகிறது என்பது என் கருத்து. ஆனாலும் பார்க்காமல் போகாதீர்கள். பார்த்துவிட்டு பாரிஸில் கர் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லா ஷப்பெல் பகுதிக்குப் போங்கள். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், மளிகைக் கடைகள், நகைக்கடைகள். கோடையின் கடைசியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் அந்தத் தெருக்களில் வரும். அங்கே தேநீர் கொடுப்பவர் எதைக் கடந்து வந்திருக்கக்கூடும் என்று தெரிந்து அந்தக் கோப்பையை வாங்குவது நல்லது.

அங்கே ஒரு தியேட்டரில்

பிரான்ஸுக்குப் போய்த் தியேட்டருக்குப் போகாமல் திரும்புவது பெரிய இழப்பு. புதுப் படங்கள் அங்கே புதன்கிழமை வெளியாகும். அறிவிப்பில் 'வெ.ஓ.' என்று இருந்தால் மூல மொழியில், பிரெஞ்சு சப்டைட்டிலோடு, 'வெ.எஃப்.' என்றால் பிரெஞ்சில். பிரெஞ்சுப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் வழக்கமாக இருக்காது. அதனால் இங்கே ஏற்கெனவே பார்த்த படத்தை அங்கே பெரிய திரையில் பாருங்கள். சோர்போன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ரூ ஷாம்போலியோன் என்ற குறுகிய தெருவில் மூன்று பழைய தியேட்டர்கள் உண்டு. மூலையில் இருக்கும் 'ல ஷாம்போ' 1938-இலிருந்து இயங்குகிறது. பழைய படங்களைத் தினமும் போடுகிறார்கள், வார நாளிலும் ஆள் வருகிறது. பாரிஸின் பெர்சி பகுதியில் 'சினிமாதெக்' என்ற திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1936-இல் ஆன்ரி லாங்லுவாவும் நண்பர்களும் தொடங்கியது. 1968 பிப்ரவரியில் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியபோது த்ரூஃபோவும் கோதாரும் தெருவில் இறங்கிப் போலீஸ் தடியடியைச் சந்தித்தார்கள். இரண்டே மாதத்தில் அரசு பின்வாங்கியது.

நீங்கள் வாங்கும் டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் தேசியத் திரைப்பட மையத்துக்குப் போகிறது. ஹாலிவுட் படத்துக்கு விற்கும் டிக்கெட்டிலிருந்தும் அதே பங்கு. அந்தப் பணம் புதிய பிரெஞ்சுப் படங்களுக்கும் சிறிய தியேட்டர்களுக்கும் திரும்புகிறது. இங்கே மாற்று சினிமா பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த ஏற்பாடுதான் நினைவுக்கு வரும். நாமும் செய்யக்கூடியதே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லியோன் நகருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம், முன்கூட்டிப் பதிவு செய்தால் கட்டணம் குறைவு. 1895 மார்ச்சில் லுமியேர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருவதைப் படம் பிடித்த இடம் அங்கே இருக்கிறது. தெருவின் பெயரே 'முதல் திரைப்படத் தெரு'. படத்தில் பின்னால் தெரியும் கொட்டகையை இடிக்காமல் காத்து, அதையே தியேட்டராக மாற்றியிருக்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபே அடித்தளத்தில், ஒரு பிராங்க் கட்டணத்தில் 33 பேர் பார்த்த முதல் காட்சி அந்தக் குடும்பத்தின் கண்டுபிடிப்பால் நடந்தது. பத்தே ஆண்டுகளில், 1905-இல், து போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் திருச்சியில் வாங்கினார் ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். தமிழகத்தின் சினிமா பார்க்கும் பழக்கத்துக்கும் லியோனுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான். பாரிஸ் பட்டியலில் ஏதாவது ஒரு கடைவீதியை வெட்டிவிட்டாவது அந்தக் கொட்டகைக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வாருங்கள்.